சுப்புலக்ஷ்மி சொன்ன ‘வரேன்’

போனை வைக்கும்போது ஊர் உலகமெல்லாம் ‘வச்சிடறேன்’ என்று சொல்லும். சுப்புலக்ஷ்மி மட்டும் ‘வரேன்’ என்பாள். போனுக்குள்ளிருந்து எங்கே போவது, எங்கே வருவது? கேட்டால் அவளிடம் நியாயம் இருந்தது. ‘போறேன்’ என்று வாயில் வரக்கூடாது. ‘வச்சிடறேன்’ என்றால் கையிலிருந்ததை ஓரமாகத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது. ஆகவே சேலத்தில் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எப்படிச் சொல்வாளோ, அப்படியேதான் பெங்களூர் மர்பி டவுனில் எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றும் சொல்வாள். “சரிண்ணா, வரேன்.”

அண்ணன் சண்முகம் மின்வாரியத்தில் லைன்மேன். கம்பத்தின் உச்சியில் மூன்று மணி நேரம் பொறுமையாக நிற்பவர், போனைக் காதில் வைத்தால் மூன்று நிமிஷம் நிற்கமாட்டார். தங்கச்சி ‘வரேன்’ என்றதும் “சரி சரி” என்பார். முதல் ‘சரி’ முழுசாகக் கேட்கும். இரண்டாவது பாதியில் அறுந்துவிடும்.

இருபது வருஷமாக இதுதான் நடந்தது. ஆரம்பத்தில் ட்ரங்க் கால் போட்டு, பக்கத்து வீட்டு நம்பருக்குப் பேசி, அவர்கள் போய் அண்ணனைக் கூட்டிவரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு எஸ்.டி.டி. வந்தது, அண்ணன் வீட்டுக்கே போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி என்பது மட்டும் மாறவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து அவளுக்கு யாரும் போன் பண்ணியதில்லை. பண்ண அவளிடம் போன் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே போன்தான். அடுகோடியில் ஒரு பம்ப் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். 1978இல், இருபத்தொரு வயசில், பின்னல் இடுப்பைத் தொட வந்து உட்கார்ந்தவள். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். தமிழுக்குத் தமிழ், கன்னடத்துக்குக் கன்னடம், இங்கிலீஷுக்கு இங்கிலீஷ், மார்வாடி வியாபாரிகளுக்கு ஒப்பேற்றுகிற அளவுக்கு இந்தி. ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடிவாதக்காரி. யார் என்ன நம்பர் கேட்டாலும் அதைத் திருப்பிச் சொல்லி, ‘சரிதானா சார்?’ என்று கேட்டுக்கொண்ட பிறகே டயல் செய்வாள். மேனேஜிங் டைரக்டராக இருந்தாலும் இதுதான். திருப்பிச் சொல்லாமல் நம்பர் போடுவது ஆபரேட்டர் வேலை இல்லை, லாட்டரிச் சீட்டு என்பாள். அவள் தப்பான நம்பர் போட்டதாக இருபத்தொரு வருஷத்தில் ஒரு புகாரும் கிடையாது.

ஹூப்ளியிலிருந்து ஒரு டீலர் பத்து வருஷமாக அவளோடு பேசிக்கொண்டிருந்தார். முதலில் ‘ஊட்டா ஆயித்தா மேடம்?’ என்று சாப்பிட்டாயிற்றா கேட்பார், பிறகுதான் சரக்கைப் பற்றிக் கேட்பார். ஒருமுறை அவரே பெங்களூர் வந்தார். இனிப்புப் பெட்டியோடு வரவேற்பறையில் நின்று, ஆபரேட்டர் மேடத்தைப் பார்க்க வேண்டும் என்று சுப்புலக்ஷ்மியிடமே கேட்டார். நான்தான் என்றாள். அந்த மனிதர் ஒரு கணம் அவள் நரையையும் கண்ணாடியையும் பார்த்தார், பிறகு அவளுக்குப் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பெட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார், பாவம். ஆனால் அதற்கப்புறம் போனில் ‘ஊட்டா ஆயித்தா’ நின்றுபோயிற்று. அவளுக்கு வலித்தது. யாரிடம் சொல்ல?

மர்பி டவுனில் அவளுக்கு மாடியில் ஒரே ஒரு அறை. கீழே வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ். ராணுவப் பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், குறைந்தபட்சம் இரண்டு பேரோடாவது தினம் சண்டை போட்டால்தான் இரவு தூக்கம் வரும் அவருக்கு. காலையில் தண்ணீர் மோட்டார் போடும் முறையை வீட்டிலிருந்த ஆட்களுக்குப் பங்கு போட்டு வைத்திருந்தார். சுப்புலக்ஷ்மிக்குச் செவ்வாயும் வெள்ளியும். இத்தனை வருஷத்தில் இருவரும் பேசியதில் முக்கால்வாசி மோட்டார் பற்றித்தான் இருக்கும்.

கல்யாணம்? இரண்டு வரன் வந்தது, இரண்டும் தட்டிப்போயிற்று. மூன்றாவதைப் பற்றிப் பேச அம்மா உயிரோடு இல்லை. அவ்வளவுதான் கதை.

1999 ஏப்ரலில் கம்பெனிக்கு ஒரு மெஷின் வந்தது. வெளியிலிருந்து கூப்பிட்டால் அதுவே எடுக்கும், அதுவே பேசும், யார் வேண்டுமோ அவர் எண்ணை அமுக்கச் சொல்லும். ஆபரேட்டர் தேவையில்லை. பர்சனல் மேனேஜர் சீனிவாசராகவன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். வீட்டுத் தமிழும் வீதிக் கன்னடமும் அவர் வாயில் கலந்தே வரும்.

“உட்காருங்கோ மேடம். உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன், அந்தப் பேச்சுக்கே இடமில்லே. ரெண்டு வழி இருக்கு. ஓசூர் ரோட்டுல, அத்திபெலேல புது கோடவுன் வருது, அங்கே டெஸ்பாட்ச்ல உட்காரலாம். இல்லேன்னா சேலம் டிப்போ. அங்கே போன் இருக்கு, ரிசப்ஷன் இருக்கு. உங்க சொந்த ஊர் ஆச்சே! சொல்ப யோசனை மாடி, கொஞ்சம் யோசிச்சு ஜூன் முதல் வாரத்துக்குள்ளே எழுதிக் குடுங்கோ.”

“சேலம் போய் ஒத்துவரலைன்னா சார்?”

“மூணு மாசம் வரைக்கும் அத்திபெலே சீட்டைப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேலே என் கையில இல்லே.” பிறகு தயங்கினார். “இன்னொரு விஷயம். அந்த மெஷினுக்கு ஒரு குரல் வேணுமாம். எல்லாரும் உங்க குரலே இருக்கட்டும்னு சொல்றா.”

தன் வேலையைப் பிடுங்கிக்கொண்ட மெஷினுக்குத் தன் குரலையே கொடுக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? அவர் அறையிலேயே ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பேசினாள். வணக்கம், எண் தெரிந்தால் அமுக்குங்கள், தெரியாவிட்டால் தயவுசெய்து காத்திருங்கள். கன்னடத்தில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை. ஆறு தடவை பேச வைத்தார்கள். ‘சிரிச்ச மாதிரி சொல்லுங்கோ மேடம்’ என்றார் சீனிவாசராகவன். அவளும் சிரித்த மாதிரி சொன்னாள்.

பெங்களூரா, சேலமா? அந்த ஒன்றரை மாதம் அவள் மனசு இதே கேள்வியை உருட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரில் மே மாதத்தில்கூட சாயங்காலம் மழை பெய்து குளிர்ந்துவிடும். சேலத்தில் மே மாதம் ஆளை வறுத்தெடுக்கும். பெங்களூரில் நாற்பத்திரண்டு வயசில் தனியாக இருக்கிற பெண்ணை ஏனென்று யாரும் கேட்கமாட்டார்கள். சேலத்தில் கேட்பதற்கென்றே ஆள் உண்டு. அதெல்லாம் சரி. ஆனால் கேட்க ஆளே இல்லாமல் இருப்பது எப்படிப்பட்டது என்று போன வருஷம் அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது.

போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. புதன்கிழமை படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆபீசில் அவள் லீவு என்று நினைத்துக்கொண்டு டெஸ்பாட்சிலிருந்து ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவள் மோட்டார் முறை. தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. சண்டை போடுவதற்காக ஆம்ப்ரோஸ் மாடிப்படி ஏறி வந்து, “இன்னா மேடம், இது என்னா பேஜாரு, குளிக்க வாணாமா?” என்று கத்திக்கொண்டே கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவளைப் பார்த்துவிட்டு, சண்டையை மறந்து இறங்கிப் போய் ஆட்டோ கூட்டிவந்தார். டாக்டரிடம் காட்டிவிட்டு, வழியில் பன் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அவள் அழுதாள். இந்த ஊரில் நான் செத்தால்கூட தொட்டி காலியானால்தான் தெரியும் என்று நினைத்து அழுதாள்.

சேலத்தில் குகைப் பகுதியில் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது. மேற்கே ஜன்னல் வைத்தது. பொங்கலுக்குப் போகிறபோதெல்லாம் இரண்டு நாள் அதில்தான் படுப்பாள். மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணி ஜெயலட்சுமி கிடைத்தாள்.

“ஆபீஸ்ல சேலத்துக்குப் போறியான்னு கேக்கறாங்க அண்ணி.”

“வந்துடேன் சுப்பு! மாடி சும்மாதானே கிடக்கு” என்றாள் அண்ணி. சொன்ன கையோடு பால் பொங்குகிறது என்று ஓடிவிட்டாள்.

வந்துடேன், மாடி சும்மாதானே கிடக்கு. இந்த இரண்டு வாக்கியத்தை அவள் அடுத்த மூன்று வாரம் பஸ்ஸிலும் சமையலிலும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள். ஆனால் போனில் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முடிவு பண்ணாமல் எதைப் பேசுவது? அடுத்த வாரம் அண்ணன் பையனின் பிளஸ் டூ மார்க்கைப் பற்றிப் பேச்சு. அதற்கடுத்த வாரம் அவனுக்கு எந்தக் காலேஜ் என்று பேச்சு. ஜூன் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, ‘சேலம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். பேனாவை மூடியபோது பயம் இல்லை, சந்தோஷம்தான். இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒரு வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூத்துக்குப் போனாள். தலை குளித்து, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். போனில் புடவையா தெரியும்?

“அண்ணா, முடிவு பண்ணிட்டேன். பதிமூணாம் தேதி ஞாயித்துக்கிழமை, மத்தியான வண்டிக்கு…”

அதே நேரம் பார்த்து ஒரு சிலிண்டர் லாரி சந்துக்குள் திரும்ப முடியாமல் பின்னால் வந்து, ஹாரன் அடித்து, கூண்டின் கண்ணாடியே அதிர்ந்தது.

“என்னம்மா? ஒண்ணும் கேக்கல.”

“நான் வரேன்ணா!” என்று கத்தினாள்.

“சரி சரி” என்றார் அண்ணன். இரண்டாவது ‘சரி’ பாதியில் அறுந்தது.

அவள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ஊரார் சொன்ன நம்பரையெல்லாம் இருபத்தொரு வருஷமாகத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தவள், தன் வாழ்க்கையின் ஒரே ஒரு தேதியைத் திருப்பிச் சொல்லவில்லை. அண்ணன் ‘சரி’ என்று சொல்லியாயிற்றே, அண்ணி ‘வந்துடேன்’ என்று சொல்லியாயிற்றே, சொந்த வீட்டுக்குப் போகிறவள் எத்தனை தரம் உறுதி பண்ணுவது என்று இருந்துவிட்டாள்.

பதிமூன்றாம் தேதி காலை கிளம்பும்போது ஆம்ப்ரோஸ் சர்ச்சுக்குப் போயிருந்தார். சாவியைக் கீழ்வீட்டு ஆணியில் மாட்டினாள். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. பூட்டின கதவைப் பார்த்து ‘வரேன்’ என்று முணுமுணுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி ஒன்றரை. ஒரு ட்ரங்குப் பெட்டி, ஒரு சாக்கு மூட்டை, ஸ்டவ். அண்ணன் வருவார் என்று பெட்டி மேல் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். பெங்களூர் பஸ்கள் மூன்று வந்து நின்று போயின. தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. ஒரு மணி நேரம் கழித்துத் தானே ஆட்டோ பிடித்தாள். லைன் எதாவது அறுந்திருக்கும், டியூட்டிக்குப் போயிருப்பார் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டு மாடிப்படியின் முதல் படியில் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ இருந்தது. சண்முகத்துக்கு ஷூ போடும் பழக்கமில்லை. மேலே கொடியில் முழுக்கால் சட்டைகளும் வெள்ளைச் சட்டைகளும் காய்ந்துகொண்டிருந்தன. மேற்கு ஜன்னலுக்குப் புதுசாகத் திரை போட்டிருந்தது.

அண்ணன் பனியனோடு வெளியே வந்தார். முகம் மலர்ந்தது, பிறகு ட்ரங்குப் பெட்டியைப் பார்த்தது, பிறகு குழம்பியது.

“என்னம்மா திடீர்னு?”

“சொன்னேனேண்ணா. போன ஞாயித்துக்கிழமை. நான் வரேன்னு சொன்னேனே.”

“வரேன்னு…” சண்முகம் மனைவியைப் பார்த்தார். “நீ எப்பவும் அப்படித்தானேம்மா சொல்லுவே.”

அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “கேக்கறாங்கன்னு ஒருவாட்டி சொன்னே சுப்பு. அப்புறம் அதப் பத்தி வாயே தொறக்கல. பெங்களூர விட்டு நீயா வரப்போறேன்னு நெனச்சுட்டோம். பேங்க்ல மாத்தலாகி வந்தவரு, ஒண்ணாந்தேதிதான் குடிவந்தாரு. எனக்குத் தெரிஞ்சிருந்தா…” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் அழுகை இல்லை.

சண்முகம் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தார். நிமிர்ந்து, கோபமில்லாமல், ஆனால் பல வருஷமாக உள்ளே கிடந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். “இருவது வருஷமா வாராவாரம் வரேன் வரேன்னே. பொங்கலுக்கு ரெண்டு நாள் தவிர ஒருவாட்டியாவது வந்தியா? நான் எதை நம்பறது?”

அவர் கேட்டதிலும் தப்பில்லை. பெங்களூரில் லீவு கிடைத்த நாட்களிலும் அவள் வந்ததில்லை. வந்தால் திரும்பிப் போவது கஷ்டமாக இருக்கிறது என்பதால் வரவில்லை. அதை அண்ணனிடம் எப்போது சொன்னாள்? போனில் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசாதவள்.

கூடத்தில் அவளுக்குப் பாய் போட்டார்கள். யாரும் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அவள் பாயைச் சுருட்டினால்தான் பையன் மேஜையை இழுத்துப்போட்டுப் படிக்க முடியும் என்பதால் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவாள். பேங்க்காரர் மாடியிலிருந்து இறங்கும்போது சேலையைச் சரிசெய்துகொள்வாள். டிப்போவில் ஒரு நாளைக்கு நாலு போன் வந்தால் அதிகம். வாட்ச்மேனிடம் பழக்கதோஷத்தில் ‘ஊட்டா ஆச்சா?’ என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துவிட்டு, “உங்களுக்கு எந்த ஊரு மேடம்?” என்றார். இந்த ஊர்தான் என்றாள். அவர் நம்பவில்லை. கடைக்காரர் நம்பவில்லை, எதிர்வீட்டுக்காரி நம்பவில்லை. சேலத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. தெரியாத ஆள் அவள் ஒருத்திதான்.

பெங்களூரில் தனியாக இருந்தபோது ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இங்கே நிறைந்த வீட்டின் நடுக்கூடத்தில் தனியாக இருப்பதுதான் தாங்கவில்லை. யாரும் எதிர்பார்க்காத ஊரில் இருந்துவிடலாம். எதிர்பார்க்க வேண்டியவர்கள் எதிர்பார்க்காத ஊரில் எப்படி இருப்பது?

மூன்று மாசம் முடிய பத்து நாள் இருக்கும்போது சீனிவாசராகவனுக்குக் கடிதம் எழுதினாள்.

கிளம்பும் நாள் அண்ணன் டியூட்டியில் இருந்தார். அண்ணி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்து, குங்குமம் வைத்துவிட்டு வாசல்வரை வந்தாள். சுப்புலக்ஷ்மி செருப்பை மாட்டிக்கொண்டாள். அந்தச் சொல் வழக்கம்போல நாக்கின் நுனி வரைக்கும் வந்தது, அங்கேயே நின்றுவிட்டது.

“போறேன் அண்ணி.”

ஜெயலட்சுமி பதறிப்போனாள். “அய்யய்யோ! என்ன வார்த்தை இது வாசப்படியில நின்னுக்கிட்டு? போய்ட்டு வரேன்னு சொல்லு!”

“சொன்னா நம்பமாட்டீங்களே அண்ணி” என்றாள் சுப்புலக்ஷ்மி. குத்திக்காட்டச் சொல்லவில்லை. இருந்த விஷயத்தைச் சொன்னாள். அண்ணி வாசலிலேயே நின்றாள். ஆட்டோ திரும்பும்வரை நின்றாள்.

மர்பி டவுனில் ஆம்ப்ரோஸ் குழாயடியில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தார். “வந்துட்டீங்களா மேடம்? உங்க ரூம்ல கம்ப்யூட்டர் பசங்க ரெண்டு பேரு கீறானுங்க. பின்னாடி ரூம் ஒண்ணு காலி. சொல்ப சின்னது. மோட்டார் முறை பழைய மாதிரியே செவ்வாயும் வெள்ளியும்.” ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, திடீரென்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம் போல இருந்தது.

அத்திபெலே கோடவுனில் டெஸ்பாட்ச் மேஜை ரோட்டைப் பார்த்துப் போட்டிருந்தது. மேஜையில் போன் இல்லை. ஓசூர் ரோட்டில் சேலம் என்று போர்டு போட்ட பஸ்கள் காலையிலிருந்து மாலைவரை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. முதல் நாள் எண்ணினாள், பதினேழு. மறுநாளிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போன் பண்ணப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. எட்டு மணிக்கு அறைக்குள் உட்கார்ந்து துணி மடித்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் குரலை அவளே கேட்கவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் மனசில்லாமல்தான் இருந்தாள். ஆனால் கால் தானாகப் பூத்துக்குப் போயிற்று.

முதல் மணியிலேயே எடுத்தார் அண்ணன்.

“சுப்பு? நீதானே? நெஜமா நீதானே பேசறே?”

“நான்தாண்ணா. ஏன்?”

“ஒண்ணுமில்லம்மா.” தொண்டையைச் செருமினார். “ரெண்டு வாரமா போன் காணோமேன்னு திங்கக்கிழமை உன் ஆபீசுக்குப் போட்டேன். நீதான் எடுத்தே. ‘சுப்பு, அண்ணன் பேசறேம்மா’ன்னேன். நீ பாட்டுக்குக் கன்னடத்துல பேசிக்கிட்டே போனே. சுப்பு, சுப்புன்னு கத்தினேன். சிரிச்ச குரல்ல என்னமோ சொல்லிட்டுக் கட் பண்ணிட்டே. நம்ம மேல இவ்ளோ கோவமான்னு உக்காந்துட்டேன். அப்புறம் பையன்தான் சொன்னான், அது மெஷினுன்னு.”

கூண்டுக்குள் கட்டண மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணன் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இருபது வருஷத்தில் முதல்முறையாக அண்ணன் அவளைக் கூப்பிட்டிருக்கிறார், அவளும் எடுத்திருக்கிறாள், எடுத்து ‘தயவுசெய்து காத்திருங்கள்’ என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு எதையோ பேசினார்கள். பையன் காலேஜ், மழை, அண்ணிக்கு முழங்கால் வலி. மூன்று நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. கடைசியில் பேச ஒன்றும் இல்லை. என்ன சொல்லி முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேறு சொல் அவளிடம் இருந்ததே இல்லை.

“சரிண்ணா, வரேன்.”

‘சரி சரி’க்காகக் காத்திருந்தாள். வரவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள். இல்லை, அந்தப் பக்கம் மூச்சு கேட்டது.

“எப்போ?” என்றார் அண்ணன்.

அவள் கண்ணாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். காதில் விழுந்ததை நம்பாமல், இத்தனை வருஷப் பழக்கத்தில், திருப்பிச் சொல்லிக் கேட்டாள். “எப்போன்னு கேட்டீங்களாண்ணா?”

“ஆமாம்மா. தேதி சொல்லு.”

“ஆயுத பூஜைக்கு. அதுக்கு முன்னாடி சனிக்கிழமை. மத்தியானம் ஒண்ணரைக்கு வர வண்டி.”

“சனிக்கிழமை, மத்தியானம் ஒண்ணரை” என்று சண்முகம் ஒவ்வொரு வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். “பெட்டியைத் தூக்கிக்கிட்டு நீயா ஆட்டோ பிடிக்காதே. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வரேன்.”